அல்போன்சா சித்தியின் எண்ணெய் ஊறாத பொட்டலம்

என் அம்மாவின் தங்கை அல்போன்சா பதினான்கு வருடமாகத் தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் தள்ளுவண்டி போட்டு மீன் பொரித்து விற்கிறாள். கார் வைத்திருப்பவர்கள்கூட நின்று தின்பார்கள். என்னைக் கண்டால் மட்டும் கரண்டியை ஓங்குவாள். ‘இன்று மீன் இலவசம்’ என்று ஒருநாள் அட்டை எழுதி வண்டியில் தொங்கவிட்டவள் நான். பத்தாம் வகுப்போடு நின்ற என் எழுத்துதான். ஆனாலும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

சித்தப்பா செல்வதுரை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். போன மாதம் நெஞ்சு அடைத்து, ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பொரித்தது கூடாது, அடுத்த பரிசோதனையில் கொழுப்பு குறைந்திருந்தால்தான் கிரேன் ஏறலாம் என்றார் டாக்டர்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சாத்துக்குடிதான் கொண்டுவந்தார்கள். நடக்க இடமில்லை. சித்தி அதைப் பிழிந்து மீன்மேல் ஊற்றி இட்லிச் சட்டியில் அவித்தாள். சூட்டில் சாறு கசந்துவிட்டது.

"ஏளா, இது மீனா, கசாயமா?" என்று சித்தப்பா தட்டைத் தள்ளினார்.

"ஆஸ்பத்திரிக் கஞ்சிய மட்டும் மடக்கு மடக்குன்னு குடிச்சீயளே?"

"அங்கன நர்ஸ் சிரிச்சிக்கிட்டுல்லா குடுத்தா."

மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏளா ஜெமி, சித்தி வண்டியில ஒரு விளமீன் வறுவல் வாங்கிட்டு வா. உங்க அம்மைக்குன்னு சொல்லு."

பெண்டாட்டி பொரித்த மீனைப் பெண்டாட்டிக்குத் தெரியாமல் வாங்குவது! இவ்வளவு நல்ல குறும்பு எனக்கே தோன்றியதில்லை. இரண்டு நாள் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் தின்றுவிட்டு மாடிக்குப் போனவர் பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் வண்டி முன்னால் போய் நின்றேன்.

"உங்க அம்மைக்கா?" என்றாள் சித்தி.

"சித்தப்பாவுக்கு."

சட்டியில் மீன் கருகும்வரை என்னையே பார்த்தாள். அடி விழும் என்று தலையைக் குனிந்தேன். விழவில்லை.

"எத்தனை நாளா?"

"ரெண்டு நாளா."

"என் கையாலயே அந்த மனுசனக் கொன்னுருப்பேனேளா." அடுப்பை அணைத்தாள்.

சித்தப்பா கண்ணில் படாமல் எங்கள் வீட்டு அடுப்படிக்குத்தான் வந்தாள். வண்டி மசாலாவையே மீனில் தடவி, எலுமிச்சைத் தோலைக் கொஞ்சம் துருவித் தூவி, வாழையிலையில் சுற்றினாள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு இட்லித் தட்டில் வைத்தாள். பத்தே நிமிடம். இறக்கிய பிறகுதான் சாத்துக்குடியும் பாதி எலுமிச்சையும் பிழிந்தாள்.

"சாறு தீயைப் பாக்கக் கூடாது. அன்னைக்கு அவசரத்துல கெடுத்துட்டேன்."

எனக்கு ஒரு விள்ளல் ஊட்டினாள். வறுவலின் காரம் அப்படியே இருந்தது. பின்னாலேயே புளிப்பும் இனிப்பும். இலையோடு பழைய பேப்பரில் மடித்துக் கொடுத்தாள்.

சித்தப்பா பிரித்தார். பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னளா, எண்ணெயே ஊறல?"

"இன்னைக்கு வண்டியில கூட்டம் சித்தப்பா. எண்ணெய் தீந்துபோச்சு."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு விள்ளலை வாயில் வைத்தார். அப்புறம் முள்ளைச் சப்பினார். இலையில் தேங்கிய சாற்றையும் வழித்தார்.

வாசலுக்கு வெளியே சித்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள். சேலை நுனி எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

"ஏளா ஜெமி," என்றார், வாசலுக்குக் கேட்கிற மாதிரி. "நாளைக்கும் எண்ணெய் தீந்த பொறவே போய் வாங்கு."