கத்தா அக்கா

கறிவேப்பிலைக் கட்டுக்கும் கறுப்பு டேப்தான் சுற்றுகிறாள் பாக்யலட்சுமி. மிக்ஸி ஒயர், துடைப்பத்தின் கழுத்து, கணவன் வாசுவின் மூக்குக்கண்ணாடிக் காம்பு என்று கோலார் தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் அந்த வீட்டில் டேப் ஏறாத சாமான் குறைவு. ஒரு சுற்றின் பாதிமேல் அடுத்த சுற்று ஏற வேண்டும். எங்கும் சுருக்கம் விழக்கூடாது. கடைசியில் நுனியைக் கட்டைவிரலால் நீவிவிட்டு, "கத்தா" என்பாள்.

"காலங்காத்தால யார கத்தச் சொல்றே?" என்பான் வாசு, பெங்களூர் ரயிலுக்கு ஷூ மாட்டியபடி. மூன்று வருடமாக இதே கேலி. அவளும் மூன்று வருடமாகச் சிரிக்கிறாள்.

அது ருமேனிய மொழிச் சொல். முடிந்தது என்று பொருள். கோலார் பக்கத்து ஜெர்மன் கம்பெனியில் அவளோடு வேலை செய்யும் பெண்கள் அவளைக் கத்தா அக்கா என்றே கூப்பிடுகிறார்கள். கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்க்கிற தொழிற்சாலை அது. பெரிய பலகையில் ஆணிகள் நட்டிருக்கும். அவற்றுக்கிடையே வண்ண ஒயர்களை வளைத்து ஓடவிட்டு, டேப் சுற்றி இறக்க வேண்டும். அப்படிப் பலகைகள் நிற்கும் வரிசை ஒன்றுக்கு அவள் லீடர். நாற்பதைத் தாண்டிய வயது, குள்ளமான உருவம், சத்தமில்லாத நடை. திட்டுவது தெலுங்கில், கொஞ்சுவது கன்னடத்தில்.

அந்த வரிசை முதலில் ருமேனியாவில், மலையடிவாரத்துச் சின்ன ஊர் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே சம்பளம் ஏறிவிட்டது என்று கம்பெனி அதைக் கோலாருக்கு மாற்ற முடிவு செய்தது. வேலையைக் கற்று வர மூன்று மாதத்துக்கு இவளை அனுப்பியது. பனிக்கட்டியை அதற்குமுன் அவள் ஃப்ரிட்ஜில்தான் பார்த்திருந்தாள்.

கற்றுக்கொடுத்தவள் டோய்னா. நெடுநெடுவென்ற உயரம், ஏறக்குறைய இவள் வயது. ஆரம்பத்தில் முகம் பார்த்துப் பேசவே இல்லை. இவள் கையைப் பிடித்துச் சரியான இடத்தில் வைப்பாள், அவ்வளவுதான். சாப்பாட்டு நேரத்தில் மற்ற பெண்கள் யாரும் இவள் மேஜைக்கு வரமாட்டார்கள். "நான் இன்னா தப்பு பண்ணேன்னே புரியல" என்று இப்போதும் சொல்வாள்.

புரிய ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சும்மா நடக்கப் போனவள், ஊருக்குப் பின்னால் மலைச்சரிவில் துருப்பிடித்த இரும்புக் கோபுரம் ஒன்றைப் பார்த்தாள். உச்சியில் இரண்டு சக்கரங்கள், அவற்றின் மேல் பனி. "தூரத்துலயே தெரிஞ்சிபோச்சி. ஷாஃப்ட்டு. எங்கப்பா தங்கச் சுரங்கத்துக்குள்ள கேஜ்ல எறங்குனாரே, அதே மாரி."

மறுநாள் டோய்னாவிடம் போன் வழியாகப் பேசினாள். இவளுடைய தங்கவயல் தமிழை அந்தப் போன் எப்படியோ ருமேனியமாக்கும். டோய்னா பேசுவதைச் செந்தமிழில் வாசிக்கும்.

"என் கணவன் அந்தச் சுரங்கத்தில் பணிபுரிந்தான். அது மூடப்பட்டது. பிறகு ஜெர்மானியர்கள் வந்தார்கள். இப்போது நீ வந்திருக்கிறாய்" என்றது போன்.

"எங்க ஊர்லயும் மூடிட்டாங்க. எங்கப்பா வேலையும் அதோட போச்சி" என்றாள் இவள்.

அன்று மதியம் டோய்னா தன் டப்பாவிலிருந்த புளித்த முட்டைக்கோஸில் பாதியை இவள் தட்டில் வைத்தாள். அந்தப் புளிப்புக்கு பாக்யலட்சுமியின் நாக்கு இன்றைக்கும் ஏங்குகிறது. ஒருமுறை வீட்டில் செய்துபார்த்தாள். ஜாடியைத் திறந்ததும் வாசு வாசலுக்குப் போய்விட்டான்.

கடைசியில் தேர்வு வந்தது. இவள் பாஸானால் வரிசையைக் கழற்றிக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். பாக்யலட்சுமி வேண்டுமென்றே ஒயரை மாற்றி ஓட்டினாள், டேப்பில் சுருக்கம் விட்டாள். ஃபெயில். அடுத்த தடவையும் ஃபெயில். இன்னும் கொஞ்ச நாளாவது இவர்களுக்கு வேலை இருக்கட்டும் என்றுதான். டோய்னா அவளைக் கைகழுவும் இடத்துக்கு இழுத்துப் போய்ப் போனை நீட்டினாள்.

"உன் கைகளுக்கு எல்லாம் தெரியும். நீ நடிக்கிறாய். டோய்னாவுக்குக் கற்பிக்கத் தெரியவில்லை என்று அவர்கள் சொல்வார்கள். அந்தப் பெயருடன் நான் வெளியேற வேண்டுமா?"

"பாவம்னு பண்ணேன்" என்றாள் இவள், தலைகுனிந்து.

போன் அதைப் பாவம் செய்துவிட்டதாகச் சொல்லியிருக்க வேண்டும். டோய்னா திகைத்துப்போய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள்.

மறுநாள் இவள் ஒரு பிழையும் இல்லாமல் கட்டினாள். டோய்னா நுனியை அழுத்திப் பார்த்து, "கத்தா" என்றாள். அந்த வாரமே வரிசையை நிறுத்திவிட்டார்கள்.

டோய்னா இப்போது இத்தாலியில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவாள். "உங்க ஊர்ல ஸ்னோ வுழுதான்னு கேப்பேன். அவளுக்கு எப்டி தெரியும்? அவளும் ஊர்ல இல்லியே" என்பாள் பாக்யலட்சுமி.

கம்பெனி பஸ்ஸில் ஒருநாள் பவ்யா என்ற புதுப்பெண் கேட்டாள்: "இங்கேர்ந்தும் எடுத்துகினு போயிடுவாங்களாக்கா?"

"போவாங்க. அதுவரைக்கும் சுருக்கம் இல்லாம சுத்து."

லீடரானாலும் ஒரு பலகையை அவள் யாருக்கும் விடுவதில்லை. ருமேனியாவிலிருந்து கப்பலில் வந்த பலகைகளில் அது டோய்னா வேலை செய்தது. அவளுடைய உயரத்துக்கு வைத்திருந்த தாங்கி அப்படியே இருக்கிறது. மெயின்டெனன்ஸில் புதிதாகச் சேர்ந்த கிரண் போன வாரம் ஸ்பானரோடு வந்தான். "ரெண்டே போல்ட்டு அக்கா. அஞ்சு நிமிஷத்துல உங்க ஹைட்டுக்கு இறக்கிடலாம்."

"இருக்கட்டும்பா" என்றாள். சுவரோரம் கிடந்த மரப்பெட்டியைக் காலால் இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, முதல் ஒயரை எடுத்தாள்.