வேரோடு பிடுங்கிய கீரை

நீர்வேலி என்ற ஊர்ப் பக்கத்துச் செம்மண் தறையில் கீரை போட்டுத்தான் அருந்ததி சீவித்தாள். புருஷன் போன பிறகு அந்தக் காணியும் கிணறுமே அவளுக்குத் துணை. பிள்ளை பெற்ற வீடுகளில் அவளுடைய முளைக்கீரைதான் வேண்டுமென்று கேட்டு வாங்குவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

யூரியா போன்ற இரசாயனப் பசளைக்கு அரசாங்கம் தடை போட்ட வருடம் தோட்டமெல்லாம் மஞ்சளடித்து நின்றது. அப்போதுதான் விவசாயிகளின் கமக்காரர் சங்கத் தலைவர் சோமசேகரம் உழவு மெசினில் கறுத்த, காய்ந்த சேறு ஏற்றிவந்தார். பட்டணத்து மலக்குழிகளிலும் கழிவு வாய்க்கால்களிலும் அள்ளிக் காயவைத்ததாம். இயற்கைப் பசளை, நகரசபைக் கந்தோரில் சும்மா தருகிறார்கள் என்றார். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்க, தன் தறையில் முதலில் கொட்டச் சொன்னவள் அருந்ததி. கீரை கருகருவென்று எழும்பியது. அதைப் பார்த்து ஊரே அந்தச் சேற்றைக் கேட்டு வாங்கியது.

அவளுடைய தங்கையின் மகள் உதயகலா அப்போது பிள்ளைத்தாச்சி. அருந்ததி கிழமைக்கு ஒரு தடவை தவறாமல் கீரை கொண்டுபோய், அங்கேயே கடைந்தும் கொடுத்துவிட்டு வருவாள்.

சில வருடம் கழித்து, பல்கலைக்கழகத்தில் மண் ஆராய்கிற ஜெயரூபன் வந்து மண்ணும் இலையும் எடுத்துப் போனான். திரும்பி வந்தவன் அவள் இழுத்துப் போட்ட கதிரையில் உட்காரவில்லை. சேறு அள்ளிய வாய்க்காலில் கார் பற்றறிக் கடைகளின் கழிவும் கலந்திருக்கலாம் என்றும், மண்ணிலும் இலையிலும் ஈயம், கட்மியம் என்ற விச உலோகங்கள் அளவு மீறிக் கிடப்பதாகவும் நின்றபடியே சொன்னான்.

"வடிவாய்க் கழுவினால் போகாதோ தம்பி?"

"இலைக்கு மேலை இல்லை அம்மா, உள்ளுக்கை இருக்கு. வேர் இழுத்திருக்கு."

"மண்ணிலை இருந்து எப்ப போகும்?"

"எங்கடை காலத்திலை போகாது."

அவள் அன்றைக்கே உதயகலாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். உதயகலாவின் மகன் ஓடித் திரிகிற வயதாகியும் பேசத் தொடங்கியிருக்கவில்லை. இருவருமாய் அவனை ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். சில பிள்ளைகள் பிந்தித்தான் கதைக்கும், கீரையால்தான் என்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது என்றார் டொக்டர். வெளியே வந்த உதயகலா சண்டை பிடிக்கவில்லை. மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "பெரியம்மா, இனி ஒண்டும் கொண்டு வராதேங்கோ" என்றாள்.

அதன் பிறகு அருந்ததி ஒரு பிடி கீரையும் விற்கவில்லை. மற்றவர்களையும் நிறுத்தச் சொன்னாள். சோமசேகரம் தேடி வந்தார்.

"நீ வாயைத் திறந்தால் எங்கடை ஊர்க் கீரையை ஒருத்தரும் தொடமாட்டினம். கண்ணுக்குத் தெரியாத விசத்துக்காகக் கண்ணுக்கு முன்னாலை இருக்கிற சோத்தை விடச் சொல்லுறியே?"

"உங்கடை வீட்டிலை எந்தக் கீரை அண்ணை சமைக்கிறியள்?"

அவர் சைக்கிளைத் திருப்பினார்.

அவள் சந்தைக்குப் போய் வியாபாரிகளிடம் தானே சொன்னாள். இரண்டு கிழமை ஊர்க் கீரை தேங்கிக் கிடந்தது. பிறகு அதே கீரை லொறியில் ஏறி வேறு சந்தைகளுக்குப் போனது. சேறு தந்த கந்தோரில் கேட்டால், அனுமதித்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார், விரும்பித்தானே வாங்கினீர்கள் என்றார்கள். ஊரில் அவளோடு கதைப்பதை நிறுத்தினார்கள். கோயில் மடத்தில் சோறு பரிமாறக் கூப்பிடுவதும் நின்றது.

இப்போது அவள் வேறு ஊரில் வெங்காயத்துக்குக் களை பிடுங்கக் கூலிக்குப் போகிறாள். அவளுடைய தறையில் ஒவ்வொரு மழைக்கும் உதிர்ந்த விதையிலிருந்து கீரை தானாக முளைக்கிறது, முன்னையைவிடச் செழிப்பாக. யாரும் பிடுங்கிப் போய்விடக் கூடாதென்று வேலை முடிந்து வந்து வேரோடு பிடுங்குகிறாள். மாட்டுக்குப் போடக் கூடாது, எரிக்கவும் கூடாது, புதைத்தால் மறுபடி மண்ணுக்குத்தான் போகும் என்று ஜெயரூபன் சொல்லியிருந்தான். அப்படியென்றால் எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று கேட்டதற்கு, விசாரித்துச் சொல்கிறேன் என்றான். இன்னும் சொல்லவில்லை.

கீரையைச் சாக்கில் அமுக்கி, வாயைக் கட்டி, கிணற்றடிப் பம்ப் கொட்டிலுக்குள் அடுக்குகிறாள். கொட்டில் நிறைந்துவிட்டது. போன கிழமையிலிருந்து சாக்குகள் அவள் படுக்கிற அறைக்குள் வரத் தொடங்கியிருக்கின்றன.