கருப்பட்டித் தண்ணீர் ஊற்றிய தட்டி

ஓவர்சியரை நினைத்தால் முதலில் அவருடைய கைத்தடிதான் கண்முன் வருகிறது. அதைக்கொண்டு சுவரைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, "ம்" என்பார். சுவர் என்ன சொல்லிற்றோ, அவருக்கு என்ன விளங்கிற்றோ, கடவுளுக்கே வெளிச்சம். பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகள் விடுதி ஒன்றில் நான் அப்போது எழுத்தர், கட்டட வேலைகளுக்கு அவர் மேற்பார்வை. ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்த வருஷம், விடுதியின் நீளக் கூடத்தை அறைகளாகத் தடுக்க வேண்டியிருந்தது. மரப்பலகைக்கு வழியில்லை. பழைய பரீட்சைத் தாள்களும், ஆற்றங்கரை வயல்களின் உமியும் வைக்கோலும் குவிந்து கிடந்தன. அவற்றை ஊறவைத்து இடித்துத் தட்டிகளாக வார்க்கலாம் என்று சொன்னது ஓவர்சியர் அல்ல. சாத்தான்குளத்திலிருந்து வந்து விடுதியில் வேலை பார்த்த ஒரு விதவை. காகிதக் கூழில் கூடை செய்து பழகிய கை அவளுக்கு. அவள் மகள் அங்கேதான் தங்கிப் படித்தாள். தாய்க்கு வேலை இருக்கும்வரை மகளுக்கு இடம் என்பது ஏற்பாடு.

யோசனையை ஓவர்சியர் தன்னுடையதாக்கிக்கொண்டார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, தன் மூளையையும் கொஞ்சம் கலந்தார். கூழில் வெந்தயம் அரைத்துப் போட்டால் கெட்டிப்படும், பூச்சியும் அண்டாது என்றாள் அவள். சுண்ணாம்புச் சாந்தில் கருப்பட்டித் தண்ணீர் சேர்ப்பது நம் பக்கத்துக் கொத்தனார்களின் வழக்கம். அதை அரைகுறையாகக் கேட்டு வைத்திருந்த மனிதர், சுண்ணாம்பே இல்லாத கூழில் குடம் குடமாகக் கருப்பட்டித் தண்ணீரை ஊற்றச் சொன்னார். பனங்காட்டில் பிறந்தவளுக்குப் பொறுக்கவில்லை.

"அய்யா, சுண்ணாம்பு இல்லாம இத ஊத்தச் சொல்லுதியளே, எறும்புக்குப் பந்தி வைக்கியளா?"

"ஏட்டி, கோட்டை கட்டுனவனெல்லாம் கருப்பட்டித் தண்ணியிலதான் கட்டுனான். கூடை செய்யுதவ எனக்குச் சொல்லுதியோ?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "என்ன வே, நாஞ் சொல்லுதது சரிதான?"

"சரிதான் அய்யா" என்றேன். எனக்குக் கட்டடமும் தெரியாது, கருப்பட்டியும் பணியாரத்தோடு சரி.

ஐப்பசி மழை பிடித்தது. முதலில் எறும்பு வந்தது, பின்னாலேயே கரையான். ஒரே மாதத்தில் தட்டிகள் உளுத்து, பிள்ளைகளின் பாயில் உமியாகக் கொட்டின. மேலிடத்தார் விசாரிக்க வந்தார்கள். "சுண்ணாம்பு குடுத்தேன், அவ களவாண்டு வித்துட்டா" என்றார் ஓவர்சியர், கொஞ்சமும் கூசாமல். தொப்பி போட்ட தலை பொய் சொல்லுமா, நம்பினார்கள். அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க அங்கனதான நின்னிய, சொல்லுங்க அய்யா" என்றாள். நான் மைக்கூட்டைத் திறந்து பேனாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

வேலையை விட்டு நீக்கும் கடிதத்தை எழுதியதும் நான்தான். மகளையும் அன்றே அனுப்பிவிட வேண்டும் என்ற வரியையும் சேர்த்து எழுதினேன்.

இத்தனை வருஷமாக ஓவர்சியரை மடையன், புளுகன் என்று ஊரெல்லாம் இளக்காரமாகப் பேசி வந்திருக்கிறேன். கேட்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அன்று அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு அவர், "எழுத்து முத்து முத்தா இருக்கு வே" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.