கருப்பு போடாத படம்

நோயின் முதல் அறிகுறி மரியாதை. என் கணவர் மாணிக்கம் ஒரு காலையில் சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்து, "ஏனுங்க, ஊட்டுல யாரும் இல்லீங்களா?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து "ஏ புள்ள, சரோசா" என்று அதிகாரம் பண்ணிய வாய் அது. விளையாடுகிறார் என்று நினைத்து, "இருக்கறாங்க, கூப்பிடட்டுங்களா?" என்று நானும் கிண்டலாகச் சொன்னேன்.

என் குரல் கேட்டதும் அவர் வெளிறிப் போனார். "சரோசா, நீ எங்க நின்னு பேசற?" என்று சுற்றுமுற்றும் தேடினார். நான் அவருக்கு எதிரில்தான் நின்றிருந்தேன்.

சூலூரிலிருந்து கோயம்புத்தூருக்கு ஓடினோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஸ்ட்ரோக் (மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் தடைபடுவது) என்றார்கள். கை, கால், பேச்சு எல்லாம் தப்பித்துவிட்டன. ப்ரோசோபக்னோசியா (தெரிந்த முகங்களையே அடையாளம் காண முடியாத நிலை) என்று டாக்டரம்மா ஒரு பெயர் சொன்னார்.

"பார்வை நல்லாத்தானுங்க இருக்கு. கண்ணு, மூக்கு, வாய் எல்லாம் தெரியும். ஒண்ணாச் சேந்து ஓர் ஆளா ஆகாது."

"திரும்பி வருமுங்களா?"

"கொஞ்சம் வரலாம். வராமலும் போகலாம். பக்கத்துல போனதும் உங்க பேரைச் சொல்லிடுங்க. நான் யாருன்னு கேட்டுச் சோதிக்க வேண்டாம்."

இதே நிலையில் ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நானும் அதையேதான் சொல்வேன். சோதிக்காதீர்கள். பதில் உங்களைத்தான் சுடும்.

வேறு யாருக்காவது வந்திருக்கக் கூடாதா என்று சாமியிடம் சண்டை போட்டேன். முகம்தான் இந்த மனுஷனுக்குப் பிழைப்பே. பாப் ஆர்ட் ஓவியர் அவர். பொள்ளாச்சிச் சந்தை மாட்டுத் தரகர், டவுன் பஸ் கண்டக்டர் என்று தெருவில் பார்க்கிற முகங்களை, கிளிப்பச்சையிலும் ரோஸிலும் கண்ணைப் பறிக்கிற மாதிரி ஸ்க்ரீன் பிரிண்ட் போடுவார். வீட்டுக்குப் பின்னால்தான் ஷெட். மை குழைப்பதும் ஸ்க்ரீன் பிடிப்பதும் நான்.

சட்டத்தில் கட்டிய வலைத்துணிதான் ஸ்க்ரீன்; அதன் வழியாக மையை இழுத்தால் தாளில் படம் விழும். நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன். கருப்புக் கோடு கடைசி. அது விழும்வரை தாளில் வெறும் நிறத் திட்டுகள்தான். பெற்ற தாய்க்கே ஆளைத் தெரியாது. கருப்பு விழுந்ததும் முகம் திடுக்கென்று எழுந்து நம்மைப் பார்க்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "சரோசா, அந்த ரூம்ல ஒருத்தர் நின்னுட்டே இருக்கறாரு. காப்பி குடுத்தியா?"

போய்ப் பார்த்தேன். அறையில் ஆள் இல்லை. அலமாரிக் கண்ணாடிதான் இருந்தது. அன்றைக்கே அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். அதற்கப்புறமும் அந்த அறையைக் கடக்கும்போது அவர் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டுப் போவார்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. இந்த மனுஷனுக்குள் என் முகம் இன்னும் எங்காவது இருக்கிறதா, இல்லையா? வாய்விட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை.

சில மாதம் கழித்து ஷெட்டுக்குள் போனார். பழையது எதையும் தொடாமல் புதிதாகவே ஸ்க்ரீன் செய்தார். பச்சையில் ஒரு திட்டு, மஞ்சளில் ஒரு கீற்று, அடியில் காப்பி நிறம். பல பிரதிகள் இழுத்துக் காயப்போட்டார். "கருப்பு எப்பங்க போடறது?" என்று கேட்டேன்.

"வேண்டாம் புள்ள. ஆளு வந்தாச்சு," என்றார்.

யாரும் வந்திருக்கவில்லை. வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டே வந்தேன்.

கண்காட்சி நடத்துகிற ஒருவர் வந்து பார்த்தார். முகங்களிலிருந்து விடுதலையாம், கடைசிக் காலத்து அருவ ஓவியமாம்! பொண்டாட்டி முகம் தெரியாமல் ஒருத்தர் தடுமாறுகிறார், வந்த ஆளுக்கு விடுதலை கேட்கிறதா என்று வயிறு எரிந்தது. பழக்க தோஷம், காப்பி கொடுத்து அனுப்பினேன்.

அந்தக் கோபத்தில்தான் அதைச் செய்தேன். நல்ல காலத்தில் அவர் என் முகத்தைப் பிரிண்ட் போட்டிருந்தார். அதன் கருப்புக் கோட்டு ஃபிலிம் அலமாரியில் இருந்தது. அதை வைத்து ஸ்க்ரீன் தயாரித்து, அவர் தூங்கிய மதியத்தில், புதுப் பிரதி ஒன்றின்மேல் கருப்பை இழுத்தேன். எங்கே பொருந்தப் போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் ஸ்க்ரீனைத் தூக்கினேன்.

இம்மி பிசகாமல் பொருந்தியிருந்தது. மஞ்சள் கீற்றின்மேல் என் மூக்கு. காப்பி நிறத்தில் என் கழுத்து. நானே என்னை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில சமயம் கண்ணுக்குத் தெரியாத முகம் உள்ளே எங்கோ தெரிந்திருக்கும் என்று டாக்டரம்மா பின்னால் சொன்னார். எனக்கு அப்போது அழுகைதான் வந்தது. இருக்கிறேன், இவருக்குள் இருக்கிறேன்!

அவர் எழுந்து வந்ததும், "நான் சரோசா," என்று சொல்லிவிட்டு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கருப்பு போடாததைத் தொட்டு, "இது நீயி," என்றார், இதைக்கூடவா கேட்பாய் என்பது போல. அடுத்ததைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. என் காதோரம் குனிந்து, அந்தப் பெண்ணுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல மெதுவாகச் சொன்னார்.

"இந்தம்மா யாரு புள்ள? உன்னைய மறைச்சுட்டு நிக்கறாங்க. கொஞ்சம் நவுரச் சொல்லு."

கருப்பு போட்டதைச் சுருட்டிப் பரண்மேல் வைத்துவிட்டேன். மற்றதை மாட்டியிருக்கிறோம். அவர் தினமும் அதைப் பார்த்துச் சிரிக்கிறார். நான் தலை வாரும்போது மட்டும் அலமாரிக் கண்ணாடிமேல் போட்ட துண்டை விலக்குகிறேன். உள்ளே ஒரு அம்மா நிற்கிறார். யார் என்று எனக்குத் தெரிய ஒரு கணம் ஆகிறது. சில நாள் அதற்கு மேலும் ஆகிறது. அதுவரை நான் ஒதுங்கியே நிற்கிறேன்.