எல்லோருக்கும் வீடு வரைந்த அக்கா

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலருக்கு அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார் என் மனைவி. நல்லதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் என் பொறாமையை எழுதுகிறேன்.

அக்கா படாளத்தில் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். ஐந்து வருடம் கழித்து நான் பிறந்தேன். ஆர்க்கிடெக்ட் படிப்பு என்றால் என்னவென்று எங்கள் அப்பாவுக்குப் பிடிபடவில்லை. "இஞ்சினியர் மாதிரி, அதவிட கொஞ்சம் மேல" என்று ஊரில் சொல்லிவைத்தார். அந்தக் 'கொஞ்சம் மேல' அன்றே என்னைக் குத்தியது.

சென்னையில் படித்து முடித்து, மாமல்லபுரத்தில் சிற்பக்கூடங்களுக்கு நடுவே ஒரு மாடி அறையை அலுவலகமாக்கினார். தொடக்கத்தில், பெண் சொல்லி நாம் கேட்பதா என்று பாதிச் சுவரோடு வேலையை விட்டுப்போன மேஸ்திரிகள் உண்டு. அக்கா சத்தம் போடமாட்டார். மணல் குவியல்மேல் உட்கார்ந்து, அடுத்த மேஸ்திரிக்குப் போன் போடுவார்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கட்டடம் வேண்டும் என்று அவரவர் வாயால் வந்து கேட்கவேண்டும். கேட்டபின் மூன்று நாள் அவர்களோடு இருப்பார். அதுவரை ஒரு கோடும் போடமாட்டார். "கேக்காத ஆளுக்கு வரைஞ்சா அது என் வூடுடா, அவுங்க வூடு இல்ல" என்பார்.

நெம்மேலிக்குப் பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்கும் பெண்களுக்கு ஒரு கொட்டகை கட்டினார். மூன்று நாளும் விடியற்காலையில் அவர்களோடு மணலில் உட்கார்ந்து, காத்தால எழுந்ததும் எங்க உக்கார்றீங்க, எது வலிக்குது என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். கூடையைத் தலைக்கு ஏற்ற ஒவ்வொரு தடவையும் இன்னொருத்தியைக் கூப்பிடவேண்டியிருக்கிறது என்றார்கள். வாசலில் மார்பு உயரத்துக்கு ஒரு மேடை வைத்தார். கூடையை அதில் வைத்து, குனியாமல் தாங்களே தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். திறப்பு விழாவன்று அந்தப் பெண்கள் அக்காவுக்கு வஞ்சிர மீன் குழம்பும் சோறும் பிசைந்து ஊட்டினார்கள். நான் தட்டும் கையுமாக ஓரமாய் நின்றேன். யாரென்று கேட்டார்கள். "அக்காவோட தம்பி" என்றேன். "நாங்களும் அவுங்க தங்கச்சிங்கதான்" என்றார் அவர்களில் ஒருவரான எல்லம்மா. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மதுராந்தகத்தில் நான் டைல்ஸ் கடை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். அக்கா கட்டிய எதிலும் என் கடை டைல்ஸ் இல்லை. "வழுக்கும்டா, உப்புத் தண்ணியோட வர்ற கால்" என்று சொல்லிவிட்டார். நானும் வீம்புக்காரன். படாளத்தில் சொந்த வீடு கட்டியபோது அக்காவிடம் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் வரைகிறவர் தம்பிக்கு வரையமாட்டாரா, தானாக வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. போனில் ஒரு படத்தைக் காட்டி மேஸ்திரியை வைத்தே கட்டினேன். மேற்கே ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்து முழுக்கக் கண்ணாடி. தெற்கே ஏரி இருந்தும் அந்தப் பக்கம் வெறும் சுவர். கிரகப்பிரவேசத்துக்கு வந்த அக்கா சுற்றிப் பார்த்து, "நல்லா கீதுடா" என்று மட்டும் சொல்லிக் காபி குடித்தார்.

நோய் முற்றியபின் அக்கா என் வீட்டுக்கு வந்தார். கீழே தென்மேற்கு மூலை அறை. மதியத்துக்கு மேல் அடுப்பாகக் கொதிக்கும். கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டிப் பார்த்தேன், பயனில்லை. அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. ஒரு சாயங்காலம் விசிறிக்கொண்டிருந்தபோது வாய்விட்டுக் கேட்டேன்.

"எனக்கு ஒரு வூடு வரைஞ்சு குடுத்திருக்கலாம்ல நீ?"

"டைல்ஸ் இன்னா கலருன்னு சொன்னே. வரைஞ்சு குடுன்னு சொல்லலியே."

"தம்பி கூடவா கேக்கணும்?"

"நீ கேப்பேன்னுதாண்டா நானும் இருந்தேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. அவர் காத்திருந்திருப்பார் என்று ஒரு நாளும் நான் நினைத்ததில்லை.

"சரி, இப்ப கேக்கறேன்" என்றேன்.

உடனே அவர் குரல் மாறியது. "காத்தால எழுந்ததும் எங்க உக்கார்றே?"

"இங்கதான். உன் பக்கத்துல."

மருந்து ரசீதின் பின்பக்கத்தில் தெற்குச் சுவருக்கு ஒரு ஜன்னல் வரைந்தார். "படுத்துக்கினே தண்ணி தெரியணும்" என்று அடிச்சட்டத்தைத் தாழ்த்தினார். இரண்டு நாள் அக்காவைக் கூடத்தில் படுக்க வைத்துச் சுவரை உடைத்தோம். அதன்பின் பதினோரு நாள் அந்த ஜன்னலோரம் படுத்திருந்தார். பார்க்க வந்த எல்லம்மா காற்றில் நின்று, "அக்கா போட்ட ஜன்னலா?" என்றார். "எனக்குப் போட்டது" என்றேன். பன்னிரண்டாம் நாள் காலை, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கையில், அக்கா அமைதியாகக் காலமானார்.

கடைசிவரை வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கும், ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுத் தூசி பறக்காமல் சுவரை உடைத்த மேஸ்திரிக்கும், இரண்டு பஸ் மாறி வந்து அழுத குப்பத்துச் சகோதரிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களில் பலர் இன்று அக்கா வரைந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போவீர்கள். எனக்கு வாய்த்தது ஒரு ஜன்னல். போதும் என்று முடித்தால்தான் மலருக்கு அழகு.

போதவில்லை, அக்கா.

தம்பி,
படாளம்