ஒன்பது ஜிபிக்கு ஒன்றரை நிமிடம்

அந்த மூன்று மெமோக்களையும் டைப் அடித்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு திட்டுவதானால் என்னையும் சேர்த்தே திட்டுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. 'தங்கள் கவனக்குறைவால் ஏற்பட்ட தாமதத்துக்கு இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் விளக்கம் தரவும்' என்று இங்கிலீஷில் இதே கையால் அடித்து, பிரிண்ட் எடுத்து, பத்ரியின் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். அவன் பச்சை மையில் கையெழுத்துப் போட்டான்.

நாங்கள் வேலை பார்ப்பது டெல்லி கரோல் பாக் பக்கம் ஒரு கோச்சிங் சென்டரில். புசா ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இரண்டாம் மாடி. காலையில் நடக்கும் வகுப்பைப் படம் பிடித்து, வெட்டி ஒட்டிச் சரிசெய்து, மதியம் இரண்டு மணிக்கு வெளியூர் மாணவர்களுக்காக நெட்டில் போடுவோம். அந்த வீடியோ பிரிவுக்கு பத்ரி தலைவன். நான் ஆபீஸ் உதவியாளர். டைப்பிங், ஃபைல், வருகைப் பதிவு, டீக்குச் சொல்வது எல்லாவற்றுக்கும் 'இந்திராணி மேடம்' என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

பத்ரிக்கு முப்பத்தைந்து வயது. கோல் மார்க்கெட் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். அப்பா மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீஸராக ரிட்டயர் ஆனவர். அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூட மெமோ பற்றித்தான் பேசியிருப்பார்கள் போலிருக்கிறது. அரசாங்கத்தில் பச்சை மை பெரிய அதிகாரிகளுக்கு மட்டும். அப்பா முப்பத்தாறு வருடம் நீல மையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். மகன் இங்கே தலைவனான அன்றைக்கே கடைக்குப் போய் ஒரு டஜன் பச்சைப் பேனா வாங்கி வந்தான். மொத்தம் பத்துப் பேர் வேலை பார்க்கும் இடம். இதற்கு மெமோ, நினைவூட்டல் மெமோ, மெமோவுக்கு ஒரு பதிவேடு. சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. செல்வி விஷயத்துக்குப் பிறகு சிரிப்பு வருவதில்லை.

செல்வியைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கோவில்பட்டிக்காரி, முப்பத்தெட்டு வயது. கல்யாண வீடியோ வெட்டும் ஸ்டூடியோவில் தொழில் கற்றவள். கணவன் ராஜவேல் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் டிரைவர். அவனை டெல்லிக்கு மாற்றினார்கள், இவளும் கூட வந்தாள். பிறகு அவனை அஸ்ஸாமுக்குத் தூக்கி அடித்தார்கள், இவள் வேலையை விட மனமில்லாமல் தெற்கு டெல்லி முனிர்காவிலேயே இருந்துவிட்டாள். மூன்றாம் மாடியில் ஒரே ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரன் பல் தேய்ப்பது கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். அந்த அறையிலிருந்தபடியே எங்கள் வீடியோக்களை அவள் வெட்டித் தருவாள். வாத்தியார் இருமினால் இருமல் போய்விடும். ஒரே வாக்கியத்தை மூன்று தடவை சொன்னால் இரண்டு போய்விடும். இரண்டு வருடத்தில் ஒரு மாணவன் குறை சொன்னதில்லை.

அவளுக்குக் காலை ஒன்பது மணிக்குப் பதிவு போகும். பதினொன்றரைக்கு வேலையை முடித்து நெட் வழியாக எங்களுக்கு ஏற்றிவிடுவாள். பன்னிரண்டு மணிக்குள் வந்து சேர வேண்டும் என்பது விதி, வந்து சேர்ந்துகொண்டும் இருந்தது. அப்போது ஃபைல் இரண்டு ஜிபி இருக்கும்.

ஏப்ரல் மாதம் பத்ரிக்கு ஞானோதயம் வந்தது. இனிமேல் வீடியோ உயர்ந்த தரத்தில் இருக்க வேண்டும், கரும்பலகையில் இருக்கும் சாக்பீஸ் தூள்கூடத் தெரிய வேண்டும் என்றான். ஃபைல் ஒன்பது ஜிபி ஆனது. நேரம் மட்டும் அதே பன்னிரண்டு. யாரோ வாயைத் திறந்து கேட்டதற்கு எழுந்து போய் போர்டில் கணக்குப் போட்டான்.

"எல்லார் ஆத்துலயும் நூறு எம்பிபிஎஸ் நெட் லைன் இருக்கோன்னோ? ஒன்பது ஜிபின்னா ஒன்பதாயிரம் எம்பி. நூறால வகுங்கோ. தொண்ணூறு செகண்ட். ஒன்றரை நிமிஷம். டீ ஆறக்கூட டைம் ஆகாது."

எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். நான் பி.காம். படித்தவள்.

அன்றிலிருந்து செல்வியின் ஃபைல் ஒன்றரை மணிக்குத்தான் வந்து சேர்ந்தது. இரண்டு மணி வகுப்பு ஒரு நாளும் தவறவில்லை. மாணவர்கள் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் பன்னிரண்டு தாண்டிவிட்டதே. முதல் மெமோ. மறுவாரம் இரண்டாவது. மூன்றாவதில் கூடவே ஒரு தாள் இணைத்தான்: 'தாமதத்துக்கு என் கவனக்குறைவே காரணம்' என்று எழுதி, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்குள் கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கையெழுத்துப் போட்டாலோ அந்தத் தாள் ஃபைலில் உட்கார்ந்திருக்கும். இங்கே ஒரு கோச்சிங்காரன் இன்னொரு கோச்சிங்காரனுக்குப் போன் போட்டு விசாரிக்காமல் யாரையும் வேலைக்கு எடுப்பதில்லை.

நான் அவளுக்குப் போன் செய்து, "போட்டுத் தொலையேன் செல்வி. ஒரு கையெழுத்துதானே" என்றேன். சொன்ன வாயைக் கழுவ வேண்டும்.

"எங்க வீட்டுக்காரரும் ஒரு கையெழுத்துதானேன்னுதான் போட்டாருக்கா" என்றாள். "ஓடுத வண்டியில டயர் வெடிச்சது. அது அவரு தப்பா? கவனக்குறைவுன்னு எழுதி நீட்டுனாங்க, போட்டாரு. ஏழு வருசமாச்சு. பிரமோஷன் லிஸ்ட்ல அவரு பேரு வரும்போதெல்லாம் அந்தத் தாளைத்தான் எடுத்து வைக்காங்க. வேலை போனா போகட்டும். நான் செய்யாததைச் செஞ்சேன்னு எழுதித் தர மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை முனிர்காவுக்குப் போனேன், எப்படியாவது பேசிச் சம்மதிக்க வைக்கலாம் என்று. அவள் டீ போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு நோட்டை எடுத்து என் மடியில் போட்டாள். தினமும் ஏற்ற ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம். இரண்டு மணி நேரம். இரண்டு மணி மூன்று நிமிடம். ஒரு மணி ஐம்பத்தெட்டு. பத்து நாளும் அப்படித்தான்.

"நெட்டுக்காரனைக் கூப்பிட்டுக் கேட்டேன்" என்றாள். "அவன் ஒளிக்காமச் சொல்லிட்டான். நூறுங்கிறது இறக்குததுக்குத்தான். ஏத்துததுக்குப் பத்துதான் உண்டு. பிளான்லயே போட்டிருக்கு, நம்மதான் படிக்கல. இந்தச் சந்துல வேற கம்பெனி வயரை வீட்டு ஓனர் விட மாட்டேங்கான்."

"சரி, பத்தாவே இருக்கட்டும். அப்பவும் ஒன்பதாயிரத்தைப் பத்தால வகுத்தா தொள்ளாயிரம் செகண்ட். கால் மணி நேரம்தானே ஆகணும்?" என்றேன். பி.காம். சும்மா இருக்குமா?

"அங்கதான்க்கா எல்லாரும் ஏமாறுதோம். நெட்டுக்காரன் வேகத்தை பிட்டுல சொல்லுதான். நம்ம ஃபைலை பைட்டுல சொல்லுதோம். எட்டு பிட்டு சேந்தாத்தான் ஒரு பைட்டு. பூக்காரி நூறு சாண் பூ இருக்குங்கா, நம்ம நூறு முழம்னு நினைச்சுக்கிட்டு அவகிட்ட சண்டைக்குப் போறோம். முழத்துக்கு ரெண்டு சாண், இதுல எட்டு. அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்பதாயிரத்தை எட்டால பெருக்குங்க."

நோட்டின் ஓரத்தில் பெருக்கினேன். எழுபத்திரண்டாயிரம். பத்தால் வகுத்தால் ஏழாயிரத்து இருநூறு விநாடி. அதை மணியாக்கினேன். கூடுதல் குறைவு இல்லாமல் இரண்டு மணி நேரம். பதினொன்றரையும் இரண்டும் ஒன்றரை. அவள் அனுப்பிய அதே ஒன்றரை.

நோட்டை மூடினேன். "இதை அவன்கிட்ட சொன்னியா?" என்று கேட்டேன்.

"மூணு மெயில் போட்டேன்க்கா. சாக்குப்போக்கு வேண்டாம்னு ஒரே வரியில பதில்."

அந்த மூன்று மெயில்களையும் பிரிண்ட் எடுத்துப் பதிவேட்டில் கோத்தவளும் நான்தான். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. தேதியைப் பார்த்தேன், துளை போட்டேன், கோத்தேன். இருபது வருடமாக அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே டீயைக் கீழே வைத்தேன்.

திங்கட்கிழமை பன்னிரண்டு நாற்பதுக்கு செல்வி ஆபீஸுக்கே வந்து நின்றாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. பத்ரி நிமிர்ந்து பார்த்து, "அச்சா, சைன் பண்ண வந்தேளா? உட்காருங்கோ" என்றான்.

அவள் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன ஹார்ட் டிஸ்கை எடுத்து மேஜையில் வைத்தாள். பக்கத்தில் போனை வைத்தாள்.

"இன்னைக்கு ஃபைல் இதுல இருக்கு சார். இதே ஃபைலைப் பதினொன்றரைக்கு வீட்டுல ஏத்தவும் விட்டுட்டு வந்திருக்கேன். போன்ல பாருங்க, ஐம்பத்தெட்டு பெர்சென்ட் ஏறியிருக்கு. நான் ஹௌஸ் காஸ்ல ஒரு ரயில் மாறி, ராஜீவ் சௌக்ல ஒரு ரயில் மாறி, கரோல் பாக்ல இறங்கி நடந்தே வந்துட்டேன். உங்க ஒன்றரை நிமிசம் இன்னும் பாதி வழியில நிக்கி."

அந்த நேரத்தில் ஒரு மனுஷன் என்ன சொல்ல வேண்டும்? 'அடடா' என்றாவது சொல்ல வேண்டாமா? அவன் டிஸ்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"நல்ல ஐடியாவா இருக்கே. டெய்லி இப்படியே மெட்ரோல கொண்டு வந்துடுங்கோ. அப்புறம் டிலே ப்ராப்ளமே இல்லை. பட் அந்தப் பேப்பர்ல சைன் பண்ணிடுங்கோ. சும்மா ஃபார்மாலிட்டிதான்."

"எட்டால பெருக்கிப் பாருங்க சார்."

"உங்ககிட்ட நான் மேத்ஸ் கத்துக்கணுமா செல்வி?"

என் கையில் ஸ்டேப்ளர் இருந்தது. அதை நான் எறியாமல் இருந்ததற்கு ஒரே காரணம் செல்வியின் முகம். அவள் கோபப்படவில்லை. அவன் கையிலிருந்து டிஸ்கை மெதுவாக வாங்கிப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். போனில் எதையோ அழுத்தினாள்.

"ஏத்தினதை நிறுத்திட்டேன் சார். இனி முதல்லேர்ந்துதான். கையெழுத்து இல்லன்னா வேலை இல்லன்னு எழுதியிருக்கீங்க. நான் போடல. அப்ப நான் இங்க வேலை பாக்கல. ஆனா இன்னைக்கு வகுப்பு பிள்ளைகளுக்குப் போகணும். வீட்டுக்குப் போய் ஏத்தி விட்டுருதேன். வாரேன்."

அவள் வாசல் வரை போய்விட்டாள். பத்ரி கடிகாரத்தைப் பார்த்தான். மணி பன்னிரண்டு ஐம்பது.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். நீங்க ஆத்துக்குப் போகவே ஒன்னு ஐம்பது ஆயிடுமே."

"ஆகும் சார். ரெண்டு மணிக்குப் பத்து நிமிசம் இருக்கும். உங்க கணக்குக்கு ஒன்றரை நிமிசம் போதும்லா."

போர்டில் இன்னமும் அவன் எழுதிய தொண்ணூறு அழியாமல் இருந்தது. அதைப் பார்த்தான். ஆயிரத்து எண்ணூறு பிள்ளைகள் இரண்டு மணிக்கு போனைத் திறந்து உட்காரப்போகிறார்கள். சென்டர் முதலாளியும் தினமும் தவறாமல் பார்ப்பவர்.

"இல்லை செல்வி. அவ்வளவு சீக்கிரம் ஏறாது."

"எவ்வளவு நேரம் ஆகும் சார்?"

"ரெண்டு மணி நேரம்" என்றான், மேஜையைப் பார்த்துக்கொண்டு.

யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானாகவே கம்ப்யூட்டரில் ஒரு புதுப் பக்கம் திறந்தேன். ஒன்பது ஜிபி ஃபைலைப் பத்து எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்ற இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால் மூன்று மெமோக்களும் ரத்து செய்யப்படுகின்றன, திருமதி செல்வியிடம் எந்தக் கவனக்குறைவும் இல்லை, கணக்கில் நேர்ந்த பிழை இந்த அலுவலகத்துடையது. அடித்தேன், எடுத்தேன், அவன் முன்னால் வைத்தேன். கடைசி வரியைப் படித்துவிட்டு என்னை முறைத்தான். "எட்டால பெருக்கித்தான் அடிச்சேன் சார்" என்றேன்.

மேஜையில் பச்சைப் பேனா மூடி திறந்தபடி கிடந்தது. அவன் அதைத் தொடவில்லை. என் பக்கம் கையை நீட்டி என்னுடைய நீலப் பேனாவைக் கேட்டான்.

"பச்சையிலயே போடுங்க சார்" என்றாள் செல்வி வாசலில் நின்றபடி. "மூணு மெமோலயும் பச்சைதான போட்டீங்க."

பச்சையில் போட்டான். அவள் தாளை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் டிஸ்கை எடுத்து என்னிடம் கொடுத்தாள். எங்கள் ஆபீஸ் லைன் ஏற்றவும் இறக்கவும் நூறுதான். பன்னிரண்டு நிமிடத்தில் ஏறிவிட்டது. வகுப்பு இரண்டு மணிக்குப் போனது. போர்டில் கெடு நேரம் பன்னிரண்டு என்றிருந்ததை அழித்து ஒன்றரை என்று நானே எழுதினேன், அவன் தடுக்கவில்லை. செல்வி மறுநாளும் வேலை செய்தாள், ஒன்றரைக்கு ஃபைல் வந்தது.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ராஜவேல் அஸ்ஸாமிலிருந்து போன் செய்தானாம். நடந்ததை எல்லாம் சொன்னாளாம். கேட்டுவிட்டு அவன் அந்த ரத்துத் தாளைப் படம் பிடித்துத் தனக்கும் அனுப்பச் சொன்னானாம். உங்களுக்கு எதுக்கு என்று இவள் கேட்டிருக்கிறாள். சும்மா, அப்படி ஒரு தாள் எப்படி இருக்கும்னு பாக்கத்தான் என்றானாம். மூன்று மெமோ அடித்தபோதும் வராத, பத்ரி முறைத்தபோதும் வராத அளவு கோபம் எனக்கு அதைக் கேட்டபோதுதான் வந்தது. இன்னும் போகவில்லை.