எஞ்சினுக்கு வைத்த பொட்டு

விருமாண்டி தன் மனைவி செல்லத்தாய்க்கு ஏழாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். அவள் சீட்டு எடுத்து வைத்திருந்த பணம். கல்யாண வாடகைக்கு விடும் பழைய வெள்ளைக் காருக்குப் புது டிஸ்ட்ரிபியூட்டர் போடவென்று அதைக் கேட்டு வாங்கியிருந்தார். பிளக்குகளுக்கு முறைவைத்துத் தீப்பொறி அனுப்புகிற அந்தச் சாமான் தேய்ந்து, வண்டி இருமிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் பக்கத்துத் தெரு ஜூடு சாரின் மகள் ஆன்சி தன் கல்யாணத்துக்கு அந்தக் காரில்தான் சர்ச்சுக்குப் போகவேண்டும். வாடகை வந்தால் கடன் அடையும். வராவிட்டால் செல்லத்தாய் முகத்தில் முழிக்க முடியாது.

டி. கல்லுப்பட்டியிலிருந்து கட்டின வேட்டியோடு வந்து, லாரி கழுவி, ஸ்பேனர் பிடித்து, வில்லாபுரத்தில் சொந்த ஷெட் போட்ட ஆள் விருமாண்டி. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் எஞ்சின் முன்னால் வந்து நின்றால் மதுரையில் அவருக்கு ஈடு யார்? கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

வேலையை முறையாகத்தான் தொடங்கினார். தெரியாமல் யாரும் ஸ்டார்ட் செய்துவிடக் கூடாதென்று பேட்டரி வயரைக் கழற்றினார். பழையதைத் தூக்குமுன், உள்ளே சுற்றும் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதற்கு நேராக எஞ்சினில் அடையாளம் வைக்கவேண்டும். சாக்பீஸ் அகப்படவில்லை. டேஷ்போர்டு பிள்ளையாரிடமிருந்து குங்குமத்தைத் தொட்டு ஒரு பொட்டு வைத்தார். பழையதைத் தூக்கி வெளியே வைத்தார். திறந்த ஓட்டைக்குள் ஒரு நட்டு விழுந்தாலும் எஞ்சின் போச்சு என்று அதைச் சுத்தத் துணியால் அடைத்துவிட்டு, ஆரப்பாளையம் கடைக்குக் கிளம்பினார்.

திரும்பி வந்து பானெட்டைத் தூக்கினார். எஞ்சின் முழுக்கப் பொட்டு.

"ஏ புள்ள, என்னா இது?"

ஷெட்டைக் கூட்டிக்கொண்டிருந்த செல்லத்தாய் நிமிர்ந்தாள். "வெள்ளிக்கிழமைங்க. நாளைக்குக் கல்யாணப்பொண்ணு ஏறுற வண்டி. நீங்க ஒத்தப் பொட்டு வச்சுட்டுப் போயிருந்தீக, பாக்க நல்லால்ல. அம்புட்டுக்கும் வச்சுட்டேன்."

"அது அடையாளம்டி!"

"எனக்கென்ன தெரியும்? பொட்டுன்னா பொட்டுதான."

குத்துமதிப்பாக மாட்டிவிடலாமா என்று விருமாண்டியின் கை துறுதுறுத்தது. ஆனால் தப்பிப்போய்த் தீப்பொறி முந்திக்கொண்டால் எஞ்சின் டகடகவென்று அடிக்கும். அப்படியே ஓட்டினால் பிஸ்டனே ஓட்டையாகும். கல்யாணப்பெண் நடுரோட்டில் நிற்பாள்.

செல்லத்தாய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். "கண்ண மூடிக்கிட்டே மாட்டுவேன்னு ஊரெல்லாம் சொல்வீகளே?"

"கண்ணத் தொறந்து மாட்டுறதாலதான் அப்படிச் சொல்ல முடியுது. வா இங்கிட்டு."

கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்தார். பிளக்குகளைக் கழற்றினார். முதல் பிளக் ஓட்டையை அவள் கட்டைவிரலால் பொத்திக்கொள்ள, அவர் காரின் முன்னால் நின்று, எஞ்சினைக் கையால் சுற்றும் ஹேண்டிலை மெல்லச் சுற்றினார்.

"காத்து வருதா?"

"இல்ல... இல்ல... யாத்தீ, விரலத் தள்ளுது!"

"அதான் முதல் பிஸ்டன் மேல வாரது. கைய எடுத்துக்க."

எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் புல்லிச் சக்கரத்தில் இருந்த வெட்டு, எஞ்சின்மேல் கம்பெனியிலேயே போட்டிருந்த கோட்டுக்கு நேராக வரும்வரை இன்னும் கொஞ்சம் சுற்றி நிறுத்தினார். துணியை எடுத்துவிட்டுப் புதியதை இறக்கினார். அடியில் இருக்கும் பல்சக்கரத்தில் உட்காரும்போது ரோட்டர் லேசாகத் திரும்பும். அதற்கு இடம் விட்டு இறக்கியதில், முதல் பிளக் வயருக்கு நேராக வந்து நின்றது. பிளக்குகளை மாட்டி, வயர்களை வரிசை மாறாமல் சொருகி, பேட்டரியைக் கொடுத்துச் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு செருமல் செருமிவிட்டுப் பூப்போல ஓடியது. டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை அளவு திருப்பிச் சத்தம் கேட்டு, போல்ட்டை இறுக்கினார்.

"விருமாண்டின்னா சும்மாவா?" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

"என் விரலச் சொல்லுங்க மொதல்ல."

மறுநாள் ஆன்சி சர்ச் வாசலில் நேரத்துக்கு இறங்கினாள். வாடகையோடு வீட்டுக்கு வந்தவர், "கைய நீட்டு" என்றார்.

"பொட்டு வச்ச கூலியும் சேத்துக் குடுங்க."

"வேலையக் கெடுத்ததுக்குக் கூலியா? கழிக்கணும் நானு."

"கழிச்சுத்தான் பாருங்களேன். நாளப்பின்ன விரல் வேணும்னு வருவீகல்ல?"

அவள் கட்டைவிரலில் பிளக் ஓட்டையின் கரிவட்டம் இன்னும் போகவில்லை. விருமாண்டி அந்த உள்ளங்கையில் ஏழாயிரத்தையும் நோட்டு நோட்டாக எண்ணி வைத்தார். எண்ணி முடித்தபின், அதன்மேல் இன்னொரு நூறு ரூபாயும் வைத்தார்.